பத்து ரூபா காயின்: பன்னெண்டு வருஷம் கல்லாவுல வச்சுப் பார்த்ததுக்கு அப்புறம் என் ரிவ்யூ

போனுக்கு, மிக்ஸிக்கெல்லாம் ரிவ்யூ எழுதுறோம், தினமும் நூறு தடவை கையில வந்து போற பத்து ரூபா காயினுக்கு யாரும் எழுதி நான் பார்த்ததில்ல. எங்களுக்கு சின்ன மளிகைக்கடை, அப்பா ஆரம்பிச்சது, இப்ப பன்னெண்டு வருஷமா கல்லாவுல உட்கார்றது நான். பத்து ரூபா நோட்டை மொத்தமா நிறுத்திட்டு காயினை மட்டும் விடணுமாங்கிற பேச்சு கடையில அடிக்கடி வரும். என் பதிலை முதல்லயே சொல்லிடுறேன், நிறுத்தணும். ஆனா முழுசா நிறுத்தணும். நோட்டும் ஓடட்டும் காயினும் ஓடட்டும்னு விட்டா காயின் தோத்துப்போகும், இப்ப அதுதான் நடக்குது.

முதல்ல நோட்டோட லட்சணம். 2018ல வந்த சாக்லேட் கலர் நோட்டு, பின்னாடி கோனார்க் சக்கரம் போட்டது, கட்டு பிரிக்கிறப்ப அழகாத்தான் இருக்கும். அது எங்க கடைக்கு திரும்பி வர்றப்ப பார்க்கணும். காலையில மீன் வித்து முடிச்சுட்டு ஒரு அம்மா அரிசி வாங்க வருவாங்க, இடுப்புல சொருகின நோட்டை எட்டா மடிச்சு ஈரத்தோட குடுப்பாங்க, நான் பிரிக்கிறப்பவே நடுமடிப்புல வாய் பிளந்துரும், அவங்க முகம் வாடிப்போகும், "இருக்கட்டும்மா, நான் ஒட்டிக்கிறேன்"னு வாங்கி வச்சுப்பேன். செல்லோடேப் ஒட்டினது, பேனாவால கணக்கு எழுதினது, எண்ணெய் இறங்கி கண்ணாடி மாதிரி ஆனதுன்னு எல்லாமே பத்து ரூபாயிலதான் வரும், ஐநூறு ரூபாயை யாரும் அப்படி வச்சுக்க மாட்டாங்க. மழைக்காலத்துல ரெண்டு நோட்டு ஒட்டிக்கிட்டு ஒண்ணு மாதிரி இருக்கும், அப்படி ரெண்டா குடுத்து ராத்திரி கணக்குல இடிச்சது எத்தனையோ தடவை. கிழிஞ்சதுக்குன்னே ஒரு பழைய பிஸ்கட் டப்பா வச்சிருக்கேன், அது நிறைஞ்சா பேங்குல மாத்த அரை நாள் போகும், அந்த அரை நாள் கடையை யார் பார்க்குறது.

இப்ப காயின். இதை எழுதுறதுக்காக கல்லாவுல இருந்து ஒண்ணு எடுத்து பக்கத்துல வச்சிருக்கேன், 2011 போட்டிருக்கு. வெளியில மஞ்சள் வளையம், நடுவுல வெள்ளை. வளையத்துல இருக்குற கோடு லேசா தேஞ்சிருக்கு, நகத்தால தடவினா இன்னும் தட்டுப்படுது, அசோகச் சின்னம் தெளிவா இருக்கு. இத்தனை வருஷத்துல எத்தனை மீன்கூடை, எத்தனை உண்டியல், எத்தனை சட்டைப்பையோட வாஷிங் மெஷினுக்குள்ள போய் வந்திருக்கும், இன்னைக்கும் அது பத்து ரூபாதான், ஒட்ட வேண்டியதில்ல மாத்த வேண்டியதில்ல. 27 மில்லிமீட்டர் அகலம், 7.71 கிராம் எடை. நூறு காயின் முக்கால் கிலோவுக்கு கொஞ்சம் மேல வரும், அதனால எங்க எலக்ட்ரானிக் தராசுலயே மொத்தமா போட்டு கிட்டத்தட்ட எத்தனைன்னு தெரிஞ்சுக்குவேன். நோட்டுல அது முடியாது.

இதை விட எனக்கு பெருசா படுற விஷயம் ஒண்ணு இருக்கு. எங்க தெருவுல கண்பார்வை இல்லாத ஒரு அண்ணன் இருக்கார், ஊதுபத்தி விக்கிறவர். நோட்டு குடுத்தா ஓரத்தை விரலால அளந்து பார்த்து "இது பத்தாம்மா இருபதாம்மா"ன்னு கேப்பார், நான் சொல்றதை நம்பித்தான் ஆகணும் அவர். நூறு ரூபாயில இருந்து மேல தடவிப் பார்க்க குறி இருக்கு, பத்து ரூபா நோட்டுல அது கிடையாது. நோட்டை அடையாளம் சொல்ல 2020ல ரிசர்வ் பேங்க் மணின்னு ஒரு ஆப் விட்டாங்க, நல்ல விஷயம்தான், ஆனா ஒவ்வொரு பத்து ரூபாய்க்கும் போனை எடுத்து காட்டிட்டு இருக்க முடியுமா நடுரோட்டுல. காயின் குடுத்தா ஒரு வார்த்தை கேக்க மாட்டார், கட்டைவிரலை ஒரு சுத்து சுத்துவார், பைக்குள்ள போட்டுடுவார். 2019ல வந்த புது வரிசை இவரை மாதிரி ஆளுங்களை நினைச்சே செஞ்சது, ஒரு ரூபா 20 மில்லிமீட்டர், ரெண்டு ரூபா 23, அஞ்சு ரூபா 25, பத்து ரூபா 27, இருபது ரூபாயும் அதே 27தான் ஆனா வட்டமா இல்லாம பன்னெண்டு பட்டை. அடுத்தவங்க சொல்லைக் கேக்காம தன் காசைத் தானே எண்ணிக்கிறது ஒரு மனுஷனுக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு அவர் விரலைப் பார்த்துதான் எனக்கு புரிஞ்சுது.

இவ்வளவு நல்ல பொருள் ஏன் ஓட மாட்டேங்குது? காயின்ல குறை இல்ல, அதைச் சுத்தி கிளம்பின வதந்தி. பத்து கோடு இருந்தா நல்லது பதினஞ்சு கோடு இருந்தா கள்ளன்னு ஒரு பேச்சு, ரூபா குறி இருந்தாத்தான் செல்லும்னு இன்னொரு பேச்சு. ரூபா குறியே 2010 ஜூலையிலதான் வந்துச்சு, காயின்ல 2011ல இருந்துதான் போட்டாங்க, அப்ப அதுக்கு முன்னாடி அடிச்சதுல எப்படி இருக்கும்? இதை ரிசர்வ் பேங்க் 2018 ஜனவரியில தெளிவா சொல்லிட்டாங்க, அதுவரைக்கும் வந்த 14 டிசைனும் செல்லும்னு, கேட்டுத் தெரிஞ்சுக்க 14440னு இலவச நம்பரும் குடுத்தாங்க. நம்ம ஊருப்பக்கம் கலெக்டர்கள் பலரும் வாங்க மறுக்கக்கூடாதுன்னு அறிவிப்பு விட்டாங்க. இருந்தும் இன்னைக்கும் பஸ்ல காயினை நீட்டினா "நோட்டு இல்லையா"ன்னுதான் முதல் கேள்வி. போன வருஷம் ஒரு பஸ்ல கண்டக்டர் என் கையில இருந்த மூணு காயினையும் வாங்க மாட்டேன்னு சொல்லி, ஐநூறு ரூபாய்க்கு சில்லறையும் இல்லைன்னு சொல்லி, பின் சீட்டு தம்பி ஒருத்தர் நோட்டு குடுத்து என் காயினை வாங்கிக்கிட்டதால இறங்காம தப்பிச்சேன். அந்த தம்பிக்கு இதுல நன்றி சொல்லிக்கிறேன்.

ஆனா மனசை அறுத்தது அது இல்ல. கோயில் வாசல்ல பூ விக்கிற அக்கா ஒருத்தங்க ஒருநாள் சாயங்காலம் கடைக்கு வந்து சுருக்குப்பையை கல்லாமேல கவுத்தாங்க, முப்பத்தேழு காயின். மருந்துக்கடையில வாங்கலையாம், டீக்கடையில வாங்கலையாம், பூ எடுக்குற மார்க்கெட்லயும் வாங்கலையாம். "முன்னூறு ரூபா நோட்டா குடு கண்ணு, போதும்"னாங்க. எழுபது ரூபாயை விட தயாரா இருந்தாங்க, ஒரு நாள் முழுக்க வெயில்ல உட்கார்ந்து சம்பாதிச்சதுல எழுபது ரூபா. "அக்கா இது முன்னூத்தி எழுபது, ஒரு ரூபா குறையாது"ன்னு எண்ணிக் குடுத்தேன், அவங்க ரெண்டு தடவை எண்ணிப் பார்த்துட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அரசாங்கம் அடிச்ச காசு, அதை வச்சிருக்கிற ஏழைக்குத்தான் நஷ்டம்னா அது எவ்வளவு பெரிய அநியாயம். 2022ல தமிழ்நாட்டுல ஒருத்தர் இந்தக் கொடுமையை நாலு பேருக்கு தெரியவைக்கணும்னே பத்து ரூபா காயினா சேர்த்து ஆறு லட்சத்துக்கு கார் வாங்கினார், அறுபதாயிரம் காயின், எடை போட்டா நானூத்தி அறுபது கிலோ வரும். அந்த சேதி வந்தப்போ ஒரு ரெண்டு வாரம் எங்க தெருவுல எல்லாரும் முகம் சுளிக்காம வாங்கினாங்க, அப்புறம் பழைய கதைதான்.

குறையையும் சொல்லணும். கனம் உண்மையான குறை. ஐநூறு ரூபாய்க்கு ஐம்பது காயின் வச்சா நானூறு கிராம் கிட்ட வரும், பர்ஸ் தொங்கும், சட்டைப்பை கிழியும், கண்டக்டர் தோள்ல ஏற்கனவே ஒரு பை தொங்குது, அவர் மேல கோவப்பட்ட நானே இதையும் நினைச்சுப் பார்க்குறேன். அப்புறம் பேங்க். காயின் டெபாசிட்டுக்கு உச்சவரம்பு கிடையாதுன்னு ரிசர்வ் பேங்க் சொன்னாலும் கவுண்டர்ல போய் நின்னா தெரியும், மூவாயிரம் ரூபாய்க்கு காயின் கொண்டுபோனப்ப "எண்ண ஆளில்ல, வேற நாள் வாங்க"ன்னு ரெண்டு தடவை திருப்பி அனுப்பினாங்க, மூணாவது தடவை நானே நூறு நூறா பை கட்டி மேல எழுதி கொண்டுபோய் மேனேஜர் மேஜையில வச்சதுக்கு அப்புறம்தான் வாங்கினாங்க. சட்டத்துலயும் ஒரு அளவு இருக்கு, 2011 நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதுக்கு மேலயும் உள்ள காயின்ல ஒரு தடவைக்கு ஆயிரம் ரூபா வரைக்கும்தான் சட்டப்படி செல்லுபடி, அதனால சரக்கு போட வர்ற தம்பிகிட்ட நாலாயிரம் ரூபா பில்லுக்கு காயின் மூட்டையை நீட்ட முடியாது. இதுக்கெல்லாம் ஏற்பாடு பண்ணாம நோட்டை மட்டும் நிறுத்தினா கஷ்டப்படப்போறது எங்களை மாதிரி சின்னக் கடைங்கதான். 2023ல க்யூஆர் கோடு ஸ்கேன் பண்ணினா காயின் தர்ற மெஷினை 12 நகரத்துல சோதனை பண்றதா அறிவிச்சாங்க, எனக்கு வேண்டியது அதோட மறுபக்கம், காயினைக் கொட்டினா எண்ணி அக்கவுண்டுல ஏத்துற மெஷின், பஸ்ஸ்டாண்டுக்கு ஒண்ணு.

நோட்டு போனா ஜனங்க ஏத்துக்க மாட்டாங்கன்னு சொல்றவங்க பழசை மறந்துட்டாங்க. ஒரு ரூபா நோட்டு அச்சடிக்கிறதை 1994லயும், ரெண்டு ரூபா, அஞ்சு ரூபாயை 1995லயும் நிறுத்தினாங்க. அஞ்சு ரூபா நோட்டு நடுவுல மறுபடி வந்து போச்சு, ஒரு ரூபா நோட்டும் 2015ல திரும்ப வந்துச்சு, அதை கல்யாண மொய் கவருக்கு தவிர யாரும் தேடுறதில்ல. இன்னைக்கு ரெண்டு ரூபா காயினை யாராவது வேணாம்னு சொல்றாங்களா? கோடு எத்தனைன்னு எண்ணுறாங்களா? மாட்டாங்க, ஏன்னா பக்கத்துல நோட்டு இல்ல. பத்து ரூபாய்க்கு மட்டும் இந்த சோதனை வந்ததுக்கு காரணமே நோட்டும் கூடவே இருக்குறதுதான்.

வெளிநாட்டுலயும் இதே கதை. இங்கிலாந்துல ஒரு பவுண்டு காயின் 1983ல வந்துச்சு, நோட்டை 1988ல எடுத்துட்டாங்க, முதல்ல முணுமுணுத்தவங்க அப்புறம் பழகிட்டாங்க. கனடாவுல டாலர் காயின் 1987ல வந்துச்சு, நோட்டு குடுக்குறதை 1989ல நிறுத்தினாங்க, காயின்ல இருக்குற லூன் பறவையை வச்சு லூனின்னு செல்லப்பேரே வச்சுட்டாங்க. அமெரிக்காவுல பாருங்க, 1979ல ஒரு டாலர் காயின், அளவுல கால் டாலர் மாதிரி இருக்குன்னு யாரும் சீண்டல, 2000த்துல தங்க நிறத்துல ஒண்ணு, 2007ல இருந்து ஜனாதிபதிங்க படம் போட்டு ஒரு வரிசையே விட்டாங்க, ஆனா நோட்டை ஒரு நாளும் நிறுத்தல. கடைசியில நூறு கோடிக்கு மேல காயின் பெட்டகத்துல தூங்குதுன்னு 2011 டிசம்பர்ல புழக்கத்துக்கு அடிக்கிறதையே நிறுத்தினாங்க. நாமளும் இப்ப அந்த மூணாவது வழியிலதான் போயிட்டு இருக்கோம், நோட்டை வச்சுக்கிட்டே காயினையும் அடிச்சுட்டு.

இருபது ரூபா காயின் பத்தியும் ரெண்டு வரி. 2020ல புழக்கத்துக்கு வந்துச்சு, 8.54 கிராம், பன்னெண்டு பட்டை, கண்ணை மூடிக்கிட்டு எடுத்தாலும் தெரியும். கனம் பெருசா கூடல, மதிப்பு ரெண்டு மடங்கு, அதனால மேல சொன்ன எடைப் பிரச்சனையில பாதி இதுலயே தீரும். ஆனா எங்க கடைக்கு வாரத்துக்கு நாலஞ்சு வந்தா அதிகம், வர்றதையும் பிள்ளைங்க உண்டியலுக்குன்னு கேட்டு வாங்கிட்டு போயிடுறாங்க.

மார்க் போடணும்னா காயினுக்கு அஞ்சுக்கு நாலரை, அரை குறைச்சது கனத்துக்கு. நோட்டுக்கு ஒண்ணு. காயினை நம்ம கையில கொண்டுவந்து சேர்த்த விதத்துக்கு ஒண்ணரைக்கு மேல மனசு வரல.

பூக்கார அக்கா வந்துட்டுப் போன மறுநாள் கடை முன்னாடி அட்டையில எழுதி தொங்கவிட்டேன், "பத்து ரூபா, இருபது ரூபா காயின் எல்லா டிசைனும் வாங்கப்படும், நோட்டா மாத்தியும் தரப்படும்"னு. முதல் வாரம் நிறையப் பேர் மாத்திட்டுப் போனாங்க. இப்ப நான் பாக்கி சில்லறையை காயினா குடுத்தா திருப்பிக் குடுக்காம வாங்கிக்கிறாங்க, எப்ப வேணா வந்து மாத்திக்கலாம்னு தெரிஞ்சதுல வந்த தைரியம். எதிர்ல இருக்குற டீக்கடை அண்ணனும் போன மாசத்துல இருந்து வாங்குறார். மருந்துக்கடைக்காரர்கிட்ட இன்னும் பேசிட்டு இருக்கேன்.