பேட், துணி, கப்: ஒன்றரை ஷிப்ட் நிற்கும் பெண்ணுக்கு எது தோது?

திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் நிற்கும் பெண் காலை எட்டரைக்கு உள்ளே போனால், ஒன்றரை ஷிப்ட் முடிந்து வெளியே வர இரவு எட்டரை ஆகிவிடும். நடுவில் டீ டைம், சாப்பாட்டு நேரம், அவ்வளவுதான். மாதவிடாய்க்கு எதைப் பயன்படுத்துவது என்பதை இந்த மணிக்கணக்கை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். விலையை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பிவிடும்.

கடை நாப்கின் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும், பழக வேண்டியதும் இல்லை. 2018 ஜூலையில் இதற்கு இருந்த 12 சதவீத ஜிஎஸ்டியும் போய்விட்டது. ஆனால் நாலு மணி, மிஞ்சினால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே நின்றால் தொடை இடுக்கு உரசிப் புண்ணாகிவிடும். மாற்றியதை எங்கே போடுவது? டாய்லெட்டில் மூடி போட்ட கூடை இல்லாத கம்பெனியில் ஒரு வருடம் வேலை பார்த்தேன். பேப்பரில் சுருட்டிப் பைக்குள் வைத்து, டவுன் பஸ்ஸில் வீடு வரை கொண்டு வந்த நாள்கள் மறக்கவில்லை. உள்ளே பிளாஸ்டிக்கும் ஜெல்லும் இருப்பதால் அது மண்ணிலும் மட்காது.

கடை நாப்கின்தான் வேண்டும் என்றால், மகளிர் குழுக்கள் செய்வதை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். கோயம்புத்தூர் அருணாச்சலம் முருகானந்தம் நாப்கின் செய்யும் தன் சிறிய இயந்திரத்தைப் பெரிய நிறுவனங்களுக்கு விற்காமல் குழுப் பெண்களுக்கே கொடுத்து வந்தார். 2016இல் பத்மஸ்ரீ பெற்றார். அந்த வகையில் நம் காசு நம் ஊர்ப் பெண்ணின் கைக்கே போகும். தரம் குழுவுக்குக் குழு மாறும் என்பதால் முதலில் ஒரு பாக்கெட் போதும்.

துணி பேட் மேல் எனக்குத் தனிப் பிரியம். பருத்தித் துணியும் ஓவர்லாக் மிஷினும் தைக்கத் தெரிந்த கைகளும் இருக்கிற ஊர் இது. வீட்டிலிருந்தே தொழில் தொடங்க நினைக்கிற அக்காக்களுக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு எனக்குத் தெரியவில்லை. துவைத்துப் பயன்படுத்தும் பேடுக்கு ஐஎஸ் 17514 என்ற இந்தியத் தர அளவுகோலும் 2021இல் வந்துவிட்டது. தைத்து விற்க நினைப்பவர்கள் முதலில் அதைப் படிக்க வேண்டும். பயன்படுத்துபவர் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து அலச வேண்டும். சுடுதண்ணீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும். பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவதுதான் பெரிய தவறு. ஈரம் முழுசாகப் போகாத துணியில் கிருமி வளரும். வெயிலில் எல்லோரும் பார்க்கவே காயட்டும். கம்பெனியில் மாற்றி, நனைந்ததைப் பையில் வைத்திருப்பது மட்டும் சிரமம்.

கப்புக்கு வருவோம். ஒன்றரை ஷிப்ட் நிற்பவருக்கு என் தேர்வு இதுதான். பிறப்புறுப்புக்குள் மடித்து வைத்தால் ரத்தத்தைப் பிடித்துக்கொள்ளும் சின்னக் கிண்ணம் இது. மருத்துவத் தர சிலிக்கானில் செய்தது, அதிகபட்சம் 12 மணி நேரம் தாங்கும். பஸ் நேரத்தையும் சேர்த்தால் அதைத் தாண்டிவிடும் என்பதால், சாப்பாட்டு நேரத்தில் கையை நன்றாகக் கழுவி ஒருமுறை கொட்டிவிட வேண்டும். கசிவு நாப்கினை விட அதிகமில்லை என்று 2019இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் வந்த, 43 ஆய்வுகளைத் தொகுத்த அலசல் சொன்னது. மாதம் 15 பேட், ஒன்று 6 ரூபாய் என்றால் வருடத்துக்கு 1,080 ரூபாய். நானூறு, ஐந்நூறு ரூபாய் கப் பல வருடம் உழைக்கும். போர் தண்ணீரில் கொதிக்க வைத்தால் உப்புப் படியும், குடிதண்ணீரில் கொதிக்க வையுங்கள். பழக எனக்கு மூன்று மாதம் ஆனது. முதல் மாதத்தில் விட்டுவிடாதீர்கள். கருத்தடைக்குக் கருப்பையில் காப்பர் டி போட்டிருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் கப்பைத் தொட வேண்டாம், கப்பை எடுக்கும்போது காப்பர் டி இழுபட்டு இடம் மாறலாம்.

கல்யாணமாகாத பிள்ளைக்குக் கப் ஆகுமா என்று அம்மாக்கள் தயங்குகிறார்கள். உடம்புக்கு அதனால் கெடுதல் இல்லை. என் மகளுக்கு இப்போது துணி பேட் தைத்துக் கொடுத்திருக்கிறேன். அவளாகக் கேட்கும் நாளில் சின்ன சைஸ் கப் ஒன்று வாங்கித் தருவேன்.