தும்பிக்கை வைத்த எண்டெவர்: நாலு வருஷமும் ஒரு ஓட்டையும்

போன வாரம் திருநெல்வேலியிலிருந்து ஒரு பையன் போன் பண்ணினான். "அண்ணே, 2017 ஃபோர்டு எண்டெவர் 3.2 ஒண்ணு முடிச்சிட்டேன். உங்க வண்டில இருக்க மாதிரியே ஸ்நார்கெல் போடணும். எங்க போட்டீங்க?"

ஸ்நார்கெல் என்றால் இஞ்சின் மூச்சு இழுக்கக் கூரை வரை ஏறி நிற்கிற குழாய், நான் தும்பிக்கை என்பேன். கேட்ட நேரம் சரியில்லை. அதற்கு ஐந்து நாள் முன்புதான் படப்பைப் பக்கம் ஒரு பட்டறையில் என் மானம் போயிருந்தது. அந்தச் சூட்டிலேயே அவனிடம் ஏதோ கத்திவிட்டேன். விட்டுப்போனதை இங்கே நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

வண்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து சிலிண்டர் டீசல், 200 குதிரைத்திறன், 470 நியூட்டன் மீட்டர், லோ ரேஞ்ச் கியர், 225 மி.மீ. தரை இடைவெளி. பிறந்த ஊர் மறைமலை நகர். தினமும் ஜி.எஸ்.டி. ரோட்டில் அந்தத் தொழிற்சாலையைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன், அதனால் எங்க ஊர் வண்டி என்று ஒரு பாசம். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. நவம்பரில் கோவைக்காரர் ஒருவரிடம் 2016 மாடல், 94,000 கி.மீ. ஓடியது, 18.5 லட்சத்துக்குப் பேசி முடித்தேன். அவர் பதற்றத்தில் விற்றார், நான் ஆசையில் வாங்கினேன். பேரம் சுலபமாக முடிந்தது.

அவர் முன்னால் ஒரு புல் பார் மாட்டி வைத்திருந்தார். முதல் வேலையாக அதைக் கழற்றினேன். 2017 டிசம்பரிலேயே மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் அதன் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அதை விடுங்கள், மோதும்போது நசுங்க வேண்டிய இடத்தில் இரும்பை நிறுத்தினால் ஏர்பேக் சென்சார் கணக்கு என்ன ஆகும்? காயலான் கடையில் எடை போட்டால் 38 கிலோ. முன் சக்கரத்தின் மேல் அவ்வளவு நாளும் ஒரு பள்ளிக்கூடப் பையன் உட்கார்ந்து வந்திருக்கிறான்.

அடுத்தது டயர். இதில் மட்டும் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. கம்பெனி அளவு 265/60 ஆர்18: அகலம் 265 மி.மீ., பக்கச் சுவர் அதில் 60 சதவீதம், ரிம் 18 இன்ச். நான் 17 இன்ச் ரிம்முக்கு இறங்கி 265/65 ஆர்17 ஆல் டெரெய்ன், அதாவது தார் ரோட்டுக்கும் கரடுமுரடுக்கும் ஆன டயர், போட்டேன். "எல்லாரும் ரிம்மைப் பெருசாக்குவாங்க, நீங்க என்ன சார் சின்னதாக்குறீங்க" என்று டயர் கடையில் சிரித்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மொத்த விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லாது. ஆனால் பக்கச் சுவர் 159 மி.மீ.யிலிருந்து 172 ஆகிறது. கல்லில் ஏறினால் ரிம்முக்கு முன்னால் அடி வாங்க அவ்வளவு ரப்பர் கூடுதலாக இருக்கிறது. காற்றை இறக்கினாலும் அவ்வளவு கூடுதலாகப் பரந்து படியும். அதற்குக் கொடுத்த விலை: லிட்டருக்கு 11 கி.மீ. கிடைத்தது 9.5 ஆனது, 80 கி.மீ. வேகத்துக்கு மேல் ஒரு ரீங்காரம். கொடுக்கலாம்.

காற்றை இறக்குவது என்றதும் ஞாபகம் வருகிறது. போன் பண்ணின அதே பையனின் மாமாவுக்குக் குதிரைமொழித் தேரி என்கிற செம்மணல் காட்டின் ஓரத்தில் பனையும் முந்திரியும் நிற்கிற கொஞ்சம் நிலம் உண்டு. தேரிக்குள் காப்புக்காட்டில் வண்டி விடக்கூடாது, இது சொந்த நிலம். செம்மண் என்றுதான் பார்வைக்குத் தெரியும், கால் வைத்தால் மாவு. 35 பி.எஸ்.ஐ. காற்றோடு இறங்கினேன், இருபதடியில் பின் சக்கரம் புதைந்தது. சாண்ட் மோட், லோ ரேஞ்ச் எல்லாம் திருகிப் பார்த்தேன், இன்னும் ஆழமாய்ப் போனது. மாமா பனை நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே, "காத்தப் புடுங்கி விடுங்க தம்பி, டிராக்டர்காரன் அதான் செய்வான்" என்றார். நாலு சக்கரத்திலும் 16க்கு இறக்கினேன். ஒன்றுமே நடக்காதது மாதிரி வண்டி எழுந்து நடந்தது. அதுவரை இரண்டு லட்சத்துக்கு மேல் செலவு பண்ணியிருந்தேன். அன்றைக்கு வேலை செய்தது வால்வைத் தோண்டிய சாவி முனை. திரும்ப நிரப்ப பேட்டரியில் ஓடும் கம்ப்ரெஸர் ஒன்று வைத்திருக்கிறேன், நாலு டயருக்கும் சேர்த்து இருபது நிமிஷம். காற்றை ஏற்றாமல் தார் ரோட்டில் வேகம் எடுக்காதீர்கள், டயர் சூடாகிக் கிழியும்.

இரண்டு இன்ச் லிஃப்ட், அதாவது சஸ்பென்ஷனை மாற்றி வண்டியை உயர்த்தியது, அதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அம்மா ஏறுவதற்கு இப்போது டிக்கியில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி இருக்கிறது. மேடு பள்ளத்தில் அடி தட்டுவது குறைந்தது, வளைவில் சாய்வது கூடியது. அலைன்மென்ட் இரண்டு முறை திரும்பப் பார்த்தேன். ஆர்சி புத்தகத்தில் உள்ளபடி தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை மாற்றக்கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவையும், அதை வலியுறுத்திய 2019 ஜனவரி உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் நான் படித்தது லிஃப்ட் போட்ட பிறகு. நீங்கள் முன்னால் படியுங்கள். இன்ஷூரன்ஸ்காரரிடமும் முன்னால் பேசுங்கள்.

இப்போது தும்பிக்கைக்கு வருகிறேன்.

2022இல் போட்டது. டிரைவர் கண்ணாடி ஓரமாகக் கூரை உயரத்துக்கு ஏறி நிற்கிற கறுப்புக் குழாய். இஞ்சின் மூச்சு இழுக்கிற வாயை மேலே கொண்டுபோனால் ஆழத் தண்ணீரிலும் உள்ளே தண்ணீர் போகாது என்பது கணக்கு. அதற்கு ஃபெண்டரில், அதாவது முன் சக்கரத்துக்கு மேலே இருக்கிற தகட்டில், கை நுழைகிற அளவு ஓட்டை வெட்ட வேண்டும். காகித டெம்ப்ளேட்டை ஒட்டி, ஹோல் சா வைத்துத் தகரத்தைத் தின்ற அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மற்ற எதையும் கழற்றி விற்கலாம், வெட்டின தகரம் வளராது. இத்தனைக்கும் இந்த வண்டி கம்பெனியிலிருந்து வரும்போதே 800 மி.மீ. தண்ணீரில் இறங்கலாம் என்ற அறிவிப்போடு வந்தது. தொடை முழுக்க மூழ்குகிற ஆழம் அது. அதற்கு மேலான தண்ணீரில் நான் எதற்குப் போகப் போகிறேன் என்று என் மனைவி அன்றே கேட்டாள். பதில் சொல்லவில்லை. இன்றும் இல்லை.

மாட்டின மறுநாளிலிருந்து 90ஐத் தொட்டால் அதன் தலையில் காற்று விசிலடிக்கும். சரியாக என் வலது காதுக்கு வெளியே. வாய்ப்பகுதியைத் திருப்பி வைத்துப் பார்த்தேன், பிளவில் பீடிங் ஒட்டிப் பார்த்தேன், பாட்டுச் சத்தத்தைக் கூட்டினேன். 88இல் இல்லை, 90இல் உண்டு. விக்கிரவாண்டி டோலிலிருந்து திருச்சி வரை 88இல் போன பாவம் எனக்கு உண்டு. பெட்ரோல் பங்குப் பையன்கள் "சார், இதுல தண்ணி ஊத்தணுமா?" என்பார்கள். சோதனைச் சாவடியில் நிறுத்துகிற காவலர் டிரைவிங் லைசென்ஸைப் பார்க்கும் முன் குழாயைப் பார்ப்பார். "இது கம்பெனிலயே வந்ததா?" மனைவி வைத்த பெயர் கொம்பேறி மூக்கன். பாம்புக்கு ஏற்ற சத்தம்தான்.

ஆனாலும் மிக்ஜாம் புயல் வந்தபோது, 2023 டிசம்பர் 4, நான் அதைத் தடவிக் கொடுத்தேன். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாறு ஊருக்குள் வந்துவிட்டது. இரண்டு நாளும் சொந்தக்காரர்கள், அவர்களின் பக்கத்து வீட்டுக்காரர்கள், ஒரு டயாலிசிஸ் பெரியவர் என்று வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. சில இடங்களில் ஹெட்லைட் வரை தண்ணீர். அன்று ஒன்று கற்றேன்: தண்ணீரில் வேகம் காட்டினால் நம் வண்டி எழுப்பும் அலை பக்கத்து வீட்டு வாசற்படி ஏறி அவர்கள் அரிசி மூட்டையை நனைக்கும். திண்ணையில் நின்ற ஒரு அம்மா என்னைத் திட்டிய திட்டு நியாயமானது. அதன் பிறகு மனிதன் நடக்கிற வேகம், ஒரே சீராக. வண்டிக்கும் அதுதான் நல்லது.

வீட்டுக்கு வந்ததும் எல்லோரிடமும் குழாயைக் காட்டிப் பெருமை. ஜனவரியில் சர்வீஸுக்குக் கிரவுன் ஆயிலை, அதாவது பின்பக்க ஆக்சிலின் பல்சக்கரங்களுக்கான ஆயிலை, இறக்கினார்கள். வாளியில் விழுந்தது பால் டீ.

நடந்தது இதுதான். ஓடிச் சூடாகியிருக்கிற பின்பக்க ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் மூழ்கினால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கும், எங்கிருந்தாவது இழுக்கும். அதற்கென்று மேலே ஒரு சின்ன மூச்சுக்குழாய் உண்டு. ஏழெட்டு வருஷச் சேறு என் வண்டியில் அதை அடைத்திருந்தது, அதனால் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துவிட்டது. மெக்கானிக் அந்தக் குழாயைச் சுத்தம் பண்ணி, ஓஸ் ஒன்றை இழுத்துப் பின் விளக்குக்குப் பக்கத்தில் உயரத்தில் கட்டினார். ஆயில் போக மொத்தச் செலவு 600 ரூபாய். வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. யாரும் கேட்க மாட்டார்கள். இந்த வண்டிக்கு நான் செய்ததில் ஆகச்சிறந்த வேலை அதுதான்.

2024 ஜூன் கடைசியில் இமாசலப் பிரதேசத்து ஸ்பிதி போனோம். கின்னவுர் வழியாக ஏறி, நாக்கோ, காசா, பிறகு 4,500 மீட்டருக்கு மேல் நிற்கிற குன்சும் கணவாய் தாண்டி, பாத்தல், சத்ரு வழியாக இறங்கி அடல் சுரங்கம். பாத்தலிலிருந்து சத்ரு வரை ரோடு என்று ஒன்று கிடையாது, ஆறு விட்டுப்போன கற்கள்தான். பனி உருகுவதால் காலையில் கணுக்கால் அளவில் ஓடுகிற ஓடை மத்தியானத்தில் முழங்காலைத் தாண்டிவிடும், ஆகவே ஐந்தரைக்கே கிளம்பினோம். லோ ரேஞ்ச், ராக் மோட், 24 பி.எஸ்.ஐ. அந்த ஐந்து சிலிண்டர் இஞ்சின் முதல் கியரில் முனகிக்கொண்டே கல் மேல் கல்லாகக் கால் வைத்து இறங்குவதை ஜன்னலைத் திறந்து கேட்டுக்கொண்டே வந்தேன். இன்னொரு வண்டி எனக்கு இப்படி இருக்காது. வீடு வந்து கிரவுன் ஆயிலைப் பார்த்தேன், தேன் மாதிரி சுத்தமாக இருந்தது. ஏர் ஃபில்டரிலும் நான் நினைத்த அளவுக்குப் புழுதி இல்லை. அதற்கு முழுப் பெருமையையும் தும்பிக்கைக்குக் கொடுத்தேன். முன்னால் போகிற லாரி கிளப்புகிற தூசுக்கு மேலே மூச்சு விடுகிறது, அதனால்தான் ஃபில்டர் சுத்தம் என்று குறைந்தது பத்துப் பேருக்காவது வகுப்பு எடுத்திருப்பேன்.

இப்போது படப்பைக்கு வருவோம். போன மாதம் ஆல்டர்னேட்டர் வேலைக்காக விட்டிருந்தேன். புது மெக்கானிக், சின்ன வயது. வண்டி ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போது டயர் மேல் ஏறி நின்று தும்பிக்கையின் வாயை உள்ளங்கையால் பொத்தினான். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு கையாலும் பொத்தினான். ஒரு இருமல்கூட இல்லை.

"சார், மூக்கப் பொத்துனா மூச்சு முட்டணும்ல?"

போனெட்டைத் திறந்து, ஃபெண்டர் உள் தகட்டைக் கழற்றிக் காட்டினான். குழாய் உள்ளே வருகிற இடத்துக்கும் ஏர் பாக்ஸுக்கும் நடுவில் ஓஸ் சும்மா சாய்த்து வைத்திருக்கிறது. கிளாம்ப் இல்லை. சிலிகான் இல்லை. ஒரு விரல் நுழைகிற சந்து. மாட்டிக் கொடுத்த பட்டறை கூலியாக மட்டும் 9,000 வாங்கியது. மூன்று வருஷமாக இஞ்சின் பழைய இடத்திலிருந்தே மூச்சு விட்டிருக்கிறது. வரதராஜபுரத்தில் ஹெட்லைட் உயரத் தண்ணீரில் என்னைக் காப்பாற்றியது கம்பெனி கொடுத்த 800 மில்லிமீட்டரும், திட்டின அந்த அம்மாவால் நான் மெதுவாகப் போனதும்தான். ஸ்பிதி ஃபில்டருக்கும் தும்பிக்கைக்கும் பெரிதாகச் சம்பந்தமில்லை. வகுப்பு எடுத்த பத்துப் பேருக்கும் இதன் மூலம் மன்னிப்பு.

மெக்கானிக் பையன் அந்த இடைவெளியை அடைத்து, இரண்டு கிளாம்ப் போட்டு, மறுபடி பொத்திக் காட்டினான். இஞ்சின் திணறி நின்றது. 240 ரூபாய். சந்தோஷமாகத்தான் வண்டியை எடுத்தேன். ஒரகடம் ரோட்டில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் தெரிந்தது: இப்போது இஞ்சின் இழுக்கிற மூச்சு முழுவதும் என் காதோரக் குழாய் வழியாகத்தான் போகிறது. டர்போ உஸ்ஸென்று இழுக்கிறது, காலை எடுத்தால் புஸ்ஸென்று விடுகிறது. 90இல் பழைய விசிலும் அப்படியே இருக்கிறது. முன்பு ஒரு பாம்பு, இப்போது ஜோடி.

பழைய கார் வியாபாரி ஒருவரிடம் விலை மட்டும் கேட்டேன், விற்கும் எண்ணத்தில் இல்லை. சுற்றி வந்தவர் ஓட்டைக்கு நேராக நின்று, "ஃபெண்டர் மாத்தணும், பெயின்ட் அடிக்கணும்" என்று 60,000 கழித்தார். டயருக்கும் லிஃப்டுக்கும் ஒரு ரூபாய் கூட்டவில்லை.

திருநெல்வேலிக்காரனுக்கு நான் சொன்னது: டயர் போடு, காற்று அளக்கிற மீட்டரும் கம்ப்ரெஸரும் வாங்கு, ஆக்சில் மூச்சுக்குழாயை ஏற்றிக் கட்டு, மிச்சக் காசுக்கு டீசல் அடித்து எங்காவது போ. தும்பிக்கை வேண்டவே வேண்டாம். தேவையில்லாத ஓட்டை, தீராத சத்தம், மறு விற்பனையில் அடி. பத்துக்கு இரண்டு மார்க்.

"அப்ப நீங்க கழட்டிருவீங்களாண்ணே?"

கழற்றினால் ஓட்டைதான் இருக்கும் என்றேன். அது மட்டும்தான் காரணமா என்று கேட்டான். பக்கத்துத் தெருச் சின்னப் பசங்க "யானை வண்டி" என்று சொல்லித்தான் என் வீட்டுக்கு வழி காட்டுகிறார்கள் என்பதை அவனிடம் சொல்லவில்லை.

நேற்று ராத்திரி ஒரு படம் அனுப்பியிருந்தான். அவன் வெள்ளை எண்டெவரின் ஃபெண்டரில் காகித டெம்ப்ளேட் ஒட்டியிருக்கிறது, பக்கத்தில் ஹோல் சா. திட்டி நாலு வரி டைப் பண்ணிவிட்டு அழித்தேன். "முடிஞ்சதும் கையால பொத்திப் பாரு, நின்னாத்தான் காசு குடு" என்று மட்டும் அனுப்பினேன்.