மீன் குளத்துக்குச் சிமென்ட்டா, ஷீட்டா? ரெண்டையும் சில வருஷம் பராமரித்த பிறகு

வீட்டு முன்பக்கம் சிமென்ட் தொட்டி, பின்பக்கம் பிளாஸ்டிக் ஷீட் விரித்த குளம். எது நல்லது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: பொறுமை இருந்தால் சிமென்ட், சீக்கிரம் மீன் விட வேண்டும் என்றால் ஷீட்.

சிமென்ட்டில் தொல்லையே அதிலிருந்து இறங்கும் சுண்ணாம்புதான். புதுப் பூச்சில் நிற்கிற தண்ணீரின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 7 நடுநிலை) 11, 12 வரை ஏறும், ஆனால் பெரும்பாலான மீன்களுக்கு 6.5 முதல் 8.5 வரைதான் ஒத்துவரும். "நனைச்சது போதும் சார், மீன் விடலாம்" என்பார் மேஸ்திரி, அது பூச்சு இறுகுவதற்கான கணக்கு, மீனுக்கு உதவாது. நிரப்பி, சில நாள் ஊறவிட்டு, தேய்த்துக் கழுவிக் கொட்டி, மறுபடியும் நிரப்பி என்று இதைப் பல தடவை செய்தே ஆகணும். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைப்பது நம்மூர் பழக்கம். அழுகும்போது வரும் அமிலம் காரத்தைக் கொஞ்சம் தணிக்கும், ஆனால் அந்த நாற்றத் தண்ணீரில் பிராணவாயு இருக்காது, அதனால் மிச்சமில்லாமல் வெளியேற்றிவிடுங்கள். ஒரு வாரம் நின்ற தண்ணீரை விடிகாலையில் டெஸ்ட் கிட்டில் பாருங்கள். மதியம் பார்த்தால் பாசியே பிஎச்சை ஏற்றிக் காட்டும்.

ஷீட்டுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. பண்ணைக்குட்டைக்கு விரிக்கிற 500 மைக்ரான் (அரை மில்லிமீட்டர்) கனமுள்ள கறுப்பு எச்டிபிஇ என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் ஷீட்தான் என்னுடையது. அடியில் மணலும் பழைய சாக்கும். தண்ணீருக்குள் இருக்கிற பகுதி இன்னும் புதுசு மாதிரி வழவழப்பாக இருக்கிறது, வெயில் படுகிற விளிம்புதான் விறைத்துப்போய், மடிப்பில் வெளுத்த கோடு விழுந்திருக்கிறது. விளிம்பை மண்ணும் கல்லும் போட்டு மூடிவிட்டால் கவலையில்லை. நீலத் தார்ப்பாய் மலிவு என்று போய்விடாதீர்கள், வெயிலில் செதில் செதிலாக உரியும்.

குளத்தில் போடக் கல் வாங்கும்போது அதன் மேலே எலுமிச்சைச் சாறு சொட்டிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல், தண்ணீரின் காரத்தை மெதுவாக ஏற்றும். பலர் ஆசையாகப் பதிக்கிற கடப்பாக்கல்லும் அந்த வகைதான். ஏற்கெனவே உப்புத் தண்ணீர் வருகிற போர்வெல் என்றால் கிரானைட்டோ கூழாங்கல்லோ போதும்.

ஓட்டை அடைக்க சிலிக்கான் வாங்கினால் பாத்ரூமுக்கான பூஞ்சைத் தடுப்பு வகையைத் தவிர்த்து, மீன்தொட்டிக்கானதைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம், அழகுக்காகச் செம்பு, பித்தளை ஃபவுண்டன் வைக்கிறார்கள். செம்பு கரைந்தால் நத்தைதான் முதலில் சாகும், அடுத்து மீன். ஜிஐ பைப்பும் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) வேண்டாம், அந்தத் துத்தநாகமும் மீனுக்கு ஆகாது. குடிநீருக்கான பிளாஸ்டிக் பைப்பே போதும்.