டாபாவா எம்பாவா? ஹார்ட் ஃபெயிலியர் மாத்திரை ஒப்பீடு

அப்பாவுக்கு ஹார்ட் ஃபெயிலியர், அதாவது இதயம் ரத்தத்த சரியா பம்ப் பண்ண முடியாத நிலை. காலை கட்டை விரலால அமுக்குனா குழி அப்படியே நிக்கும், அப்போதான் டாக்டர் டாபாகிளிஃப்ளோசின் (டாபா), எம்பாகிளிஃப்ளோசின் (எம்பா) இந்த ரெண்டுல ஒண்ணு போடலாம்னு சொன்னாரு, அதுலேர்ந்து நிறைய பேர் எங்கிட்ட எது நல்லதுன்னு கேக்குறாங்க.

பலன் (இதயத்தோட பம்ப் பலவீனமானவங்களுக்கு):
டாபாகிளிஃப்ளோசின் – 2019 டாபா-எச்எஃப் ஆய்வு, 4744 பேர். இதய நோய் சாவு அல்லது ஃபெயிலியர் மோசமாகுறது டம்மி மாத்திரைல 21.2%, இதுல 16.3%.
எம்பாகிளிஃப்ளோசின் – 2020 எம்பரர்-ரெடியூஸ்டு ஆய்வு, 3730 பேர். இதே மாதிரி கணக்குல டம்மில 24.7%, இதுல 19.4%.

குறைவு கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா இதய நோய் சாவை மட்டும் தனியா பாத்தா டாபால குறைஞ்சது தெளிவா தெரிஞ்சுது, எம்பால அவ்ளோ தெளிவா இல்ல. அதுக்காக எம்பா மட்டம்னு சொல்லிடாதீங்க, ரெண்டையும் நேருக்கு நேர் மோதவிட்ட ஆய்வு இல்ல இது.

பம்ப் நல்லா இருந்தும் ஃபெயிலியர்:
எம்பா – 2021லயே பலன் காட்டுச்சு.
டாபா – 2022ல டெலிவர் ஆய்வுல பலன் காட்டுச்சு.

விலை: டாபாவோட முதல் பேட்டன்ட் இந்தியால 2020லயும் இன்னொண்ணு 2023லயும் முடிஞ்சுது, எம்பாவுக்கு 2025 மார்ச்லதான். இப்போ ரெண்டுக்கும் ஜெனரிக் (வேற கம்பெனிங்க போடற அதே மருந்து) இருக்கு, கடைல கேட்டு வாங்குங்க.

சுலபம்: ரெண்டும் 10 மில்லிகிராம், தினம் ஒண்ணு. பிறப்புறுப்புல பூஞ்சை அரிப்பு ரெண்டுலயும் வரலாம், வெக்கப்படாம டாக்டர்ட்ட சொல்லுங்க. ஆபரேஷன்னா 3 நாள் முன்னாடியே நிறுத்தணும், வாந்தி, பட்டினின்னாலும் டாக்டர்ட்ட கேளுங்க. டைப் 1 சுகர்காரங்க தானா தொடவே கூடாது.

ஆஸ்பத்திரில அட்மிட் ஆகி அங்கயே ஆரம்பிக்கறதுன்னா எம்பாவுக்கு எம்பல்ஸ் ஆய்வு கைகொடுக்குது. வீட்லேர்ந்து ஆரம்பிக்கற பம்ப் பலவீனக்காரங்களுக்கு, விலை கம்மியா கெடைச்சா, என் ஓட்டு டாபாவுக்கு. ஏற்கனவே ஒண்ணு ஒத்துக்கிட்டு ஓடுதுன்னா மாத்தாதீங்க.