ஊசி மாற்ற இருபது கொண்டை ஊசி

அப்பாவின் ரெக்கார்டு பிளேயர் எட்டு ஆண்டுகளாக ஊமையாகக் கிடந்தது. அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஏற்காட்டிலிருந்து இருபது வளைவுகளும் பஸ்ஸில் இறங்கி, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கும் பழுதுபார்க்கும் கடைக்குப் போனேன்.

மூன்று நாள் என்றவர் பதினொரு நாள் இழுத்தடித்தார். போனையும் எடுக்கவில்லை. ஆனால் வேலை சுத்தம். ஊசியோடு, தளர்ந்துபோன ரப்பர் பெல்ட்டையும் மாற்றியிருந்தார். ஊசி இசைத்தட்டின் மேல் எவ்வளவு அழுத்துகிறது என்பதைச் சின்னத் தராசில் நிறுத்துக் காட்டினார்: 2 கிராம். அதிகமானால் தட்டின் வரிகளையே அரித்துவிடுமாம்.

சோதித்துப் பார்க்க அமெரிக்கப் பாடகர் டோனி பென்னட்டின் தட்டைக் கொண்டுபோயிருந்தேன். சான் பிரான்சிஸ்கோவில் இதயத்தை விட்டுவந்ததாக 1962இல் அவர் பாடிய பாட்டு. சிறு தட்டின் பின்பக்கத்தில் ஒப்புக்குப் போட்டதுதான். இரண்டு கிராமி விருதுகளை வாங்கித் தந்தது. குரல் ஏறும் கடைசி வரியில் முன்பெல்லாம் கரகரக்கும். இப்போது அவர் மூச்சை இழுப்பதுகூடக் கேட்கிறது.

"பி.பி.ஸ்ரீனிவாஸ் போல அலட்டிக்கொள்ளாமல் பாடுகிறாரே, யார் சார்?" என்றார் கடைக்காரர். 68 வயதில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கியவர், அல்சைமர் நோய் வந்த பிறகும் 95 வயதில் லேடி காகாவோடு ஆல்பம் வெளியிட்டவர் என்றேன். 2023இல் 96 வயதில் இறந்தார் என்றதும், திருகாணியைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கம் முழுவதையும் கேட்டார்.

கூலி 850 ரூபாய், ரசீது கிடையாது. தட்டை உறையிலிருந்து நீங்களே எடுத்துக் கொடுங்கள். என் உறையின் ஓரம் கிழிந்துவிட்டது.