சிஆர்பியா, ஃபெரிட்டினா, ஐஎல்-6ஆ? வைரஸ் நோய் முற்றுவதை எந்த ரத்தப் பரிசோதனை முன்கூட்டிச் சொல்லும்

கோவிட் காலத்தில் சிஆர்பி, ஃபெரிட்டின், டி-டைமர், எல்டிஹெச், ஐஎல்-6 என்று ஒரு வரிசையே லேப் ரிப்போர்ட்டில் வந்து, வீட்டு வாட்ஸ்அப் குழுக்கள் வரை சுற்றியது. எல்லாவற்றுக்கும் அழற்சி மார்க்கர், அதாவது உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் அளவு, என்றே பெயர் சொன்னார்கள். ஆனால் இவை ஒவ்வொன்றும் காட்டுவது வேறு. டி-டைமர் அழற்சிப் பரிசோதனையே இல்லை. உறைந்த ரத்தம் கரையும்போது மிஞ்சும் புரதத் துணுக்கு அது. வயது, கர்ப்பம், அறுவை சிகிச்சை என்று எதனாலும் ஏறும்.

உண்மையான போட்டி சிஆர்பிக்கும் ஐஎல்-6க்கும்தான். சிஆர்பி 1930இல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டறியப்பட்ட புரதம். கல்லீரல் அதைச் சுரக்கிறது, சுரக்கச் சொல்லித் தூண்டுவது பெரும்பாலும் ஐஎல்-6, நோய் எதிர்ப்புச் செல்கள் அனுப்பும் சமிக்ஞைப் புரதம். அப்படியென்றால் முதலில் ஏறும் ஐஎல்-6ஐ அளப்பதுதானே புத்திசாலித்தனம்? கேட்க நியாயமாக இருக்கிறது. நடைமுறையில் ஐஎல்-6 சில மணி நேரத்திலேயே ஏறி இறங்கிவிடும். எல்லா லேபிலும் செய்வதில்லை, செலவும் அதிகம், முடிவு வரத் தாமதமாகும். சிஆர்பி ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 19 மணி நேரம் ஆகிறது. எந்த நோயானாலும் இந்த வேகம் பெரிதாக மாறாது. அதனால் நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அழற்சி கூடுகிறதா குறைகிறதா என்று தெரிந்துவிடும். என் ஓட்டு சிஆர்பிக்கே.

கோவிட் மருந்துகளைச் சோதித்த பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வும் இதைத்தான் நம்பியது. ஆக்சிஜன் குறைந்து, சிஆர்பி லிட்டருக்கு 75 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தவர்களிடம்தான் டோசிலிசுமாப் மருந்தைச் சோதித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த மருந்து ஐஎல்-6இன் வேலையைத் தடுப்பதால், கொடுத்த பிறகு சிஆர்பி தானாகவே சரிந்துவிடும். நோயாளி தேறுகிறாரா, புதிதாக ஏதாவது பாக்டீரியா தொற்றியிருக்கிறதா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஃபெரிட்டினுக்கு அந்த நாட்களில் கிடைத்த மரியாதை கொஞ்சம் அதிகம் என்றே நினைக்கிறேன். அது உடலின் இரும்புக் கையிருப்போடு தொடர்புடைய புரதம். கொழுப்புக் கல்லீரல், மது, அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்வது எல்லாமே அதை உயர்த்தும். இரும்புச்சத்துக் குறைபாடு உள்ளவருக்குத் தொடக்க அளவே மிகக் குறைவு. சில நூறுகளில் இருக்கும் ஃபெரிட்டினை வைத்து ஒருவருக்கு நோய் முற்றும் என்று சொல்வது கடினம். அது பலமாகப் பேசுவது ஆயிரங்களில் எகிறும்போதுதான்: குழந்தைகளுக்கு மில்லிலிட்டருக்கு 10,000 நானோகிராமைத் தாண்டினால், நோய் எதிர்ப்புச் செல்கள் கட்டுமீறி ரத்தச் செல்களையே விழுங்கும் ஹெச்எல்ஹெச் நோயை உடனே சந்தேகிக்க வேண்டும்.

பாக்டீரியா தொற்றில் ஏறும் புரோகால்சிட்டோனினை இந்தப் பட்டியலில் சேர்ப்பதே தவறு. வைரஸ் தொற்றில் சுரக்கும் இன்டர்ஃபெரான் என்ற எதிர்ப்புப் புரதம் அதன் உற்பத்தியை அடக்குகிறது. கூடவே பாக்டீரியாவும் சேர்ந்திருக்கிறதா என்ற சந்தேகத்துக்கு அது ஓரளவு உதவும், அவ்வளவுதான்.

அதிகம் பேசப்படாதது ஒன்று உண்டு: நியூட்ரோபில், லிம்போசைட் என்ற இரண்டு வகை வெள்ளையணுக்களின் விகிதம். சாதாரண ரத்த அணுக்கள் எண்ணிக்கைப் பரிசோதனையிலேயே இருக்கிறது, நியூட்ரோபிலை லிம்போசைட்டால் வகுத்தால் போதும். தனிச் செலவு இல்லை. கடுமையான கோவிடில் லிம்போசைட் குறைந்து நியூட்ரோபில் கூடுவதால் விகிதம் ஏறுகிறது. ஆனால் ஸ்டீராய்டு கொடுத்தாலும் இதே மாற்றம்தான் வரும். ஆகவே ஸ்டீராய்டுக்கு முன்பு எடுத்த ரிப்போர்ட்டைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், இந்த ஆய்வுகளில் பலவும் மருத்துவமனையில் சேரும்போது எடுத்த ரத்தத்தை வைத்து இறந்தவர்களையும் பிழைத்தவர்களையும் ஒப்பிட்டவை. அந்த நேரத்தில் பலருக்கு நோய் ஏற்கெனவே முற்றியிருக்கும். அங்கே மார்க்கர் வரப்போவதைச் சொல்லவில்லை, வந்துவிட்டதைச் சொல்கிறது. இரண்டாம் நாள் காய்ச்சலில் சிஆர்பி நார்மல் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. கோவிடில் பலருக்கு மூச்சுத்திணறல் ஒரு வாரம் கழித்தே வந்தது. மருத்துவமனையில் சேர்ந்த கோவிட் நோயாளியின் இறப்பு அபாயத்தைக் கணிக்க பிரிட்டனில் உருவான 4சி மதிப்பெண்ணில் வயது, பாலினம், வேறு நோய்கள், மூச்சு வேகம், ஆக்சிஜன், நினைவு நிலை, யூரியா, சிஆர்பி என்று எட்டு விஷயங்கள். அதில் அழற்சி மார்க்கர் ஒன்றே ஒன்றுதான். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை யாருக்குக் கொடுப்பது என்பதையும் ஆக்சிஜன் தேவையை வைத்தே தீர்மானித்தார்கள்.

டெங்கு என்றால் கணக்கே மாறிவிடும். அங்கே ஆபத்து ரத்தக் குழாயிலிருந்து பிளாஸ்மா கசிவது, அதுவும் பெரும்பாலும் காய்ச்சல் விடும் நேரத்தில். ஹீமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏறிக்கொண்டே பிளேட்லெட் வேகமாக இறங்குகிறதா என்பதுதான் முக்கியம். சிஆர்பியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தக் கசிவு கண்ணில் படாது.

எல்டிஹெச்சை விட்டுவிட்டேன். திசு சேதத்தைக் காட்டும், கடுமையான கோவிடில் ஏறவும் செய்யும். ஆனால் எடுத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்திருந்தாலே எண் பொய்யாக ஏறிவிடும். சந்தேகம் இருந்தால் மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள்.