கலப்பு சென்சார் வலையமைப்பில் தரவு குவிந்தால்: அப்படியே அனுப்புவதா, வழியிலேயே சுருக்குவதா?

பத்து நோடுகள் (சென்சாரும் ரேடியோவும் உள்ள சிறு கருவிகள்) வெப்பநிலையைச் சில பைட்டுகளில் அனுப்பிக்கொண்டிருக்கும், நடுவில் இரண்டு நோடுகள் மட்டும் அதிர்வு அளவைக் கொட்டும். திறனிலும் பேட்டரியிலும் வேறுபட்ட நோடுகள் சேர்ந்த கலப்பு வலையமைப்பில் தலைவலி இங்கேதான் ஆரம்பம். வினாடிக்கு 1,000 முறை 16 பிட் அளவில் அதிர்வு எடுத்தால் ஒரு நோடுக்கே வினாடிக்கு 16 கிலோபிட். 2.4 கிகாஹெர்ட்ஸில் 802.15.4 என்ற தரத்தில் இயங்கும் சென்சார் ரேடியோவின் வேகம் ஏட்டில் வினாடிக்கு 250 கிலோபிட்தான், ஒரு ஃபிரேம் (ஒரே தடவையில் அனுப்பும் பொட்டலம்) 127 பைட்டைத் தாண்டாது, அதே தரவு மூன்று நோடுகள் வழியாகக் கைமாறிப் போனால் அத்தனை முறையும் காற்றில் இடம் பிடிக்கும்.

ஆகவே எல்லாவற்றையும் அப்படியே, தரவு கடைசியில் போய்ச் சேரும் பேஸ் ஸ்டேஷனுக்குத் தள்ளுவது சின்ன அமைப்புக்கு மட்டுமே சரி. பெரிதானால், பேஸ் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் நோடுகள்தான் ஊர்ச்சுமையெல்லாம் சுமந்து முதலில் சாகும்.

அடுத்தது கிளஸ்டர் வழி: நோடுகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவின் தரவையும் ஒரு தலைமை நோடு சேர்த்துச் சுருக்கி அனுப்பும். 2000இல் வந்த லீச் (LEACH) என்ற முறை, தலைமைப் பொறுப்பை நோடுகளுக்குள் சுழற்றிவிடும். ஆனால் எல்லா நோடும் ஒரே பேட்டரியோடு தொடங்குகிறது என்று நினைத்துக்கொள்கிறது. கலப்பு வலையமைப்பில் அந்த நினைப்பே தப்பு. 2004இன் செப் (SEP) முறை, பெரிய பேட்டரி உள்ள நோடுக்குத் தலைமை வாய்ப்பைக் கூட்டிக் கொடுக்கிறது, டீக் (DEEC) இன்னும் ஒரு படி மேலே போய் மிச்சமிருக்கும் ஆற்றலைப் பார்க்கிறது. இரண்டில் எனக்கு டீக்தான் பிடிக்கும், ஏனென்றால் தொடக்கத்தில் பணக்காரனாக இருந்த நோடு கடைசிவரை பணக்காரனாகவே இருக்காது. (கணக்குப் போட வலையமைப்பின் சராசரி ஆற்றலை மதிப்பிட வேண்டியிருப்பது மட்டும் ஒரு தொந்தரவு.)

அப்புறம் டேக் (TAG) போல, கேள்வியையே நோடுகளுக்கு அனுப்பிவிட்டு விடையை வழியில் சேர்த்துக்கொண்டே வரும் முறை. பெருமம், கூட்டுத்தொகை, எண்ணிக்கை என்றால் அருமை. சராசரிக்கும் கூட்டுத்தொகை, எண்ணிக்கை என இரண்டே எண்களைக் கடத்தினால் போதும். இடைநிலை அளவு கேட்டால் கதை மாறும், வழியில் எதையும் சுருக்க முடியாது, மதிப்புகள் எல்லாமே மேலே வந்தாக வேண்டும். அதிர்வுக்கு இது உதவவே உதவாது: பழுதைக் காட்டும் ஒரு குத்தலைச் சராசரி விழுங்கிவிடும்.

சுருக்கிச் சேமிப்பதை ஏன் பெரிதாகப் பேசுகிறேன் என்றால், டெலாஸ் (Telos) வகை நோடில் செயலி வேலை செய்ய 2 மில்லியாம்பியர்கூட ஆகாது, ரேடியோ சும்மா கேட்டுக்கொண்டிருந்தாலே 20ஐ நெருங்கும். கணக்குப் போடுவது மலிவு, பேசுவதுதான் விலை. ஆனால் அதே நோடில் ராம் 10 கிலோபைட்தான் என்பதால் பெரிய சுருக்கமுறை எதுவும் அதற்குள் அடங்காது.

என்னைக் கேட்டால் அப்படியே அனுப்புவதையும் சுருக்குவதையும் கலப்பேன். எளிய நோடு, முந்தைய அளவிலிருந்து குறிப்பிட்ட எல்லைக்கு மேல் மாறினால் மட்டும் பேசட்டும். வலுவான நோடு அதிர்வைத் தன் ஃபிளாஷிலேயே வைத்துக்கொண்டு, அலைவெண் உச்சங்களை மட்டும் அனுப்பட்டும், சந்தேகம் வந்தால் மூலத்தரவைக் கேட்டு வாங்கலாம். மின்இணைப்பே உள்ள நோடு இருந்தால் தலைமையைச் சுழற்றுவானேன், அதையே நிரந்தரத் தலைவனாக்கிவிடலாம். அது விழுந்தால் அந்தக் கிளஸ்டரே ஊமையாகிவிடும் என்பதால், டீக் முறைத் தேர்தலைத் தூக்கிப் போடாமல் மாற்று ஏற்பாடாக வைத்திருப்பேன்.